தோளில் ஏறிய வெளிச்சம்

இன்று காலை இஸ்திரிப் பெட்டியைச் சேலை மேல் வைத்துவிட்டு, பால் பொங்குகிறதே என்று அடுக்களைக்கு ஓடினேன். திரும்புவதற்குள் அறை முழுக்கக் கருகல் வாடை. பெட்டியை எடுக்கும் முன்பே என் கை தானாகப் போய் வலக் கண்ணைப் பொத்திக்கொண்டது. இந்த வாடைக்கு எனக்கு நீதான் நினைவுக்கு வருகிறாய். தளவாய்புரத்தில் பத்துத் தையல் மிஷினைப் போட்டு ஊருக்கெல்லாம் நைட்டி தைத்துக் கொடுத்தவளை நினைக்க வேறு வாடையே கிடைக்கவில்லையா என்று கேட்பாய். கேள். பதில் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் இடக் கண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. நம் வானியல் குழுவில் அது உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் மற்றவர்கள் பரிதாபப்படுவார்கள். பரிதாபம் எனக்கு ஆகாது. "டெலஸ்கோப்புக்கு ஒரு கண்ணு போதும்ட்டி. மத்தவியதான் இன்னொண்ண இறுக்கி மூட முடியாமக் கஷ்டப்படுதாவ" என்பாய். வேறு யார் சொல்லியிருந்தாலும் அறைந்திருப்பேன்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவார மாந்தோப்புக்குள் அந்த ஓய்வு பெற்ற மில் முதலாளி சொந்தமாகக் கட்டியிருந்த வான்நோக்குக் கூடத்துக்கு, பல மாதம் கேட்டுத்தான் நம் குழுவுக்கு அனுமதி கிடைத்தது. மாலையில் பிடிக்கிற சூரிய கிரகணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் நடை சாத்திய பிறகு வேனில் கிளம்பினோம். டிரைவர் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் ஓட்டினார். நீ அவர் காதுக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தமாக முறுக்கு கடித்துக்கொண்டே வந்தாய்.

அங்கே போனதும்தான் எனக்கு உறைத்தது. சமவெளியில் சூரியன் மறைய இன்னும் நேரம் இருக்கும். ஆனால் அந்தத் தோப்புக்கு மலை முன்னதாகவே குறுக்கே வந்துவிடும். கூடத்தின் உருண்டைக் கூரை திறந்திருந்தது. பெரிய டெலஸ்கோப்பின் வாயில் சூரிய ஃபில்டர் மாட்டியிருந்தது. வரிசையில் ஒவ்வொருவரும் ஆற அமரப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

என் முறை வந்தபோது பார்த்தால் உள்ளே வெறும் இருட்டு. டெலஸ்கோப்பைச் சூரியனோடு நகர்த்துகிற மோட்டார் நின்றுபோயிருந்தது. "கரெண்ட் போயிருச்சு போல. யாரும் எதையும் தொடாதீங்கம்மா, செத்த நேரத்துல வாரேன்" என்று முதலாளி கீழே இறங்கினார். சூரியனுக்கும் மலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான் மிச்சம். எனக்குப் பொறுக்கவில்லை. இறுக்கிப் பிடித்திருந்த திருகைத் தளர்த்தி, டெலஸ்கோப்பை நானே தள்ளினேன்.

ராத்திரியில் நம் வழக்கம் உனக்குத் தெரியும். முதலில், பெரிய குழாயின் முதுகில் இருக்கும் குட்டி டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து, வேண்டியது நடுவில் வந்துவிட்டதா என்று பார்ப்போம். பிறகுதான் பெரியது. எத்தனையோ ராத்திரி செய்து செய்து கழுத்துக்கே பழகிப்போன வேலை. அன்று பகல் என்பதை என் கழுத்து மறந்துவிட்டது. குட்டிக் குழாய்க்கு ஃபில்டர் இல்லை. முதல் நாள் இரவு வேலை முடித்த முதலாளி அதன் மூடியையும் போட மறந்திருந்தார். நான் வலக் கண்ணை அதற்கு நேரே கொண்டுபோனேன்.

குட்டிக் குழாய் வழியாக என் தோளில் காசு அளவுக்கு ஒரு வெளிச்சம் விழுந்ததை நீ ஒருத்திதான் பார்த்தாய். நான் குனியக் குனிய அது தோளிலிருந்து கழுத்துக்கு ஏறி, காதுக்கு வந்ததாம். பிறகு சொன்னாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் சடை வேரோடு பிய்ந்த வலிதான். நீ இழுத்த இழுப்பில் மல்லாக்க விழுந்தேன். எல்லோர் முன்னாலும்.

"ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன்.

உன் நீலச் சேலையின் முந்தானையைக் குட்டிக் குழாயின் பின்னால் பிடித்தாய். புகை வந்தது. துணி சுருங்கி ஓட்டை விழுந்தது. படியேறி வந்த முதலாளி பதற்றத்தில் வீட்டுத் தெலுங்கில் "ஆகண்டி! ஆகண்டி!" என்று தடுத்தபடி ஓடிவந்தார். மூடி போடாதது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கதே ஒண்ணு! அதையும் அவிச்சிட்டு எதை வச்சுப் பாப்பே?" என்று நீ அலறினாய்.

இத்தனை வருடம் மறைத்தது அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பார்க்கவே வேண்டாம், கீழே போகிறேன் என்று எழுந்தேன். நீ விடவில்லை. முதலாளியிடம் மூடியை வாங்கி நீயே மாட்டினாய். ஃபில்டரை அசைத்து அசைத்துப் பார்த்தாய். டெலஸ்கோப்பைச் சூரியனுக்குத் திருப்பச் சொல்லி, பின்னால் உள்ளங்கையை நீட்டிச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாய். அப்புறமும் என்னை விடாமல் நீ குனிந்தாய்.

"நான் மொதல்ல பாக்கேன். எனக்கு ரெண்டு இருக்குல்லா."

நீ கண்ணை வைத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் நான் மூச்சு விடவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. நிமிர்ந்து, "ம், வா" என்றாய். பார்த்தேன். கடித்த அப்பளம் மாதிரி சூரியன். அதன் கீழ் விளிம்பில் மலை உச்சி மரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அழுதுவிட்டேன். நன்றி என்று சொல்லவில்லை. நமக்குள் அது வழக்கமில்லை.

இப்போது பகலில் டெலஸ்கோப் வைத்தால் குழுவில் யாரையும் கிட்டே விடாமல் விரட்டுகிறேன். நானே குனிந்து பார்த்த பிறகுதான் மற்றவர்கள். "ஒங்களுக்கு இருக்கது ஒண்ணுதானக்கா, எங்கள்ல யாராச்சும் பாக்கோமே" என்கிறார்கள். கேட்பதில்லை. உன்னிடமிருந்து தொற்றிய கிறுக்கு, என்ன செய்வது.

போன மாதம், நெஞ்சுவலி என்று மதுரைக்குக் கொண்டுபோன வழியிலேயே நீ போய்விட்டாய் என்று போனில் சொன்னார்கள். நம்பவில்லை. பஸ்ஸைப் பிடித்து தளவாய்புரத்தில் இறங்கினேன். எதிர்ச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பசை காயாமல். பக்கத்தில் போய் உன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தேன். வேறு யாராகவாவது இருக்கக் கூடாதா என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். நீ முடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றிய கண், ஏட்டி. ஒரு எழுத்துக்கூட மங்கலாகத் தெரியவில்லை.