ஸ்டார்ட்டர் பெட்டியின் சிம்

இண்டூர் பக்கம்,
வைகாசி 16

அன்புள்ள மகன் மாதேஷுக்கு,

அம்மா ஆசீர்வாதத்தோட எழுதறது. நீயும் கலைச்செல்வியும் பெங்களூர்ல நல்லா இருப்பீங்க. இங்க எல்லாரும் நலம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரல. போன் இருக்கறப்ப இதென்ன கடிதாசின்னு நினைப்பே. போன் எந்நேரமும் உங்கப்பா நெஞ்சு மேலதான் கெடக்குது. நான் பேசினா ஸ்பீக்கர்ல போடுங்கறாரு. அவரை வெச்சுக்கிட்டே அவரைப் பத்தி எப்படிடா பேசறது? அதான் பெங்களூருக்குப் பாலக்கோட்டுத் தக்காளி ஏத்திட்டு வர்ற பூவரசன்கிட்ட குடுத்தனுப்பறேன்.

முதல்ல உன்னைத் திட்டிக்கறேன், அப்புறம் அவரை. மாசி மாசம் மோட்டார் போடப் போனவரு புங்கமரத்துக்கிட்ட நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்தாரு. ஆஸ்பத்திரியில ஸ்டென்ட் வெச்சு உசுரோட கூட்டிட்டு வந்தோம். உடனே நீ என்ன பண்ணினே? அப்பா இனிமே ஓரடி நடக்கக்கூடாதுன்னு, சிம் கார்டு வெச்சு போன்லயே மோட்டார் போடற ஸ்டார்ட்டரை வாங்கி மாட்டிட்டுப் போயிட்டே. பாசம்தான், யாரு இல்லேன்னா? ஆனா டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டைப் படிச்சியா? மாத்திரைக்குக் கீழயே இருக்குது, தினமும் நடக்கணும்னு. முதல்ல அஞ்சு நிமிஷம், அப்புறம் பத்து, போகப்போக அரை மணி நேரம். பேசிக்கிட்டே நடக்கற வேகம் போதும், நெஞ்சை இறுக்கினா உக்காந்துக்கணும், பாரம் தூக்கக்கூடாது. அவ்வளவுதான்.

உங்கப்பா நடந்ததெல்லாம் கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும்தான். த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் படுத்தவாக்கில நம்பரைத் தட்டுவாரு. மோட்டார் ஓடுதுன்னு அதுல ஒரு பொம்பள சொல்லும். பாக்க வர்றவங்களுக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டற பெருமை வேற. நடங்கன்னா, அடிபட்ட எஞ்சினை ஓட்டக்கூடாதுங்கறாரு. ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்த உன் அத்தை பாஞ்சாலி, அண்ணனை அசைய விடாதீங்க அண்ணின்னு எனக்கே புத்தி சொல்லிட்டுப் போறா. கறிக்குழம்பு மட்டும் வேணுமாம், வெக்கமில்லாத மனுசனுக்கு.

சித்திரைக் கடைசியில செக்கப்புக்குப் போனோம். தினமும் தோட்டம் வரைக்கும் நடக்கறேங்கன்னு டாக்டரம்மாகிட்டயே புளுகினாரு. அவங்க சிரிச்சுக்கிட்டே, எங்க, வராண்டாவுல ஆறு நிமிஷம் நடந்து காட்டுங்கன்னாங்க. மூணாவது நிமிஷமே மூச்சு வாங்கி, செவுத்தைப் பிடிச்சுட்டு நின்னுட்டாரு. இதயத்தோட பம்பிங் நாப்பது பர்சன்ட்டுலயே நிக்குதாம். மாத்திரை மட்டும் போதாது, இப்படியே படுத்துக் கெடந்தா இன்னொரு தடவை வந்தா தாங்காதும்மான்னு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. பஸ்ஸுல அவரு பக்கத்துல உக்காந்து அழுகையை அடக்கறதே எனக்குப் பெரும்பாடாப் போச்சு.

மறுநாள் காலையில அந்த ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொறந்து சிம்மைக் கழட்டினது நான்தான். ஆமா, நான்தான். அவரு தட்டித் தட்டிப் பாத்தாரு, லைன் கெடைக்கல. தக்காளி நாத்து வாடுது. நீ போயி போட்டுட்டு வான்னாரு. சுவிட்சுன்னா எனக்குப் பயம், ஷாக் அடிக்கும்னுட்டேன். முப்பது வருசமா மோட்டார் போட்டவ வாயில வந்த பொய்யைப் பாரு! அரை மணி நேரம் உன்னையும் உன் ஸ்டார்ட்டரையும் திட்டித் தீத்துட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக் கெளம்பினாரு.

புல்லுக்கூடையை எடுத்துட்டு இருபதடி பின்னாலயே நானும் போனேன். பக்கத்துல நடந்தா, நோயாளியைக் கூட்டிட்டுப் போறியான்னு கோவிச்சுக்குவாரு. நாக்குக்கடியில வெக்கற மாத்திரை என் முந்தானையில முடிஞ்சிருந்துச்சு.

புங்கமரத்துக்கிட்ட நின்னுட்டாரு. மூச்சு வாங்கல, நெஞ்சு வலியும் இல்ல. காலு ரெண்டும் நடுங்குது. அப்பத்தான்டா எனக்கு உறைச்சுது. மூணு மாசமா சோம்பேறி, சோம்பேறின்னு அந்த மனுசனைக் கரிச்சுக் கொட்டினேன். பாவி, அவரு பயந்து போயிக் கெடந்திருக்காரு. திரும்பி என்னைப் பாத்து, இங்கதானே விழுந்தேன்னு கேட்டாரு. ஆமா, அதுக்காக இங்க நடுகல்லா வெக்க முடியும், நாத்து காயுது போங்கன்னேன். சிரிச்சுட்டாரு. மெதுவாப் போயி மோட்டாரைப் போட்டுட்டு, தொட்டி மேல உக்காந்து தண்ணி விழறதையே பாத்துட்டு இருந்தாரு.

இன்னியோட பதினெட்டு நாள். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இப்ப திரும்பி வர்றப்ப வழி நெடுக என்கிட்ட சண்டை போட்டுக்கிட்டே வர்றாரு, மூச்சு வாங்கறதில்ல. ஆனா அந்த மரத்துக்கிட்ட மட்டும் தினமும் ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் போறாரு.

இந்த நேரத்துல நீ திங்கக்கிழமை மெக்கானிக்கை அனுப்பறதாச் சொல்லியிருக்கியாம். உனக்குப் புண்ணியமாப் போகும், அவனை நிறுத்து. சிம்மை இந்தக் கவருக்குள்ளயே வெச்சிருக்கேன். இங்க இருந்தா கண்டுபிடிச்சிருவாரு.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதே. ஸ்டார்ட்டர் மாட்ட வந்தப்ப நீ அந்தப் புங்கமரத்து வரப்பு வழியாப் போகல, பைக்கை எடுத்துட்டு தார்ரோட்டைச் சுத்திக்கிட்டுப் போனே. ஏன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? உங்கப்பாவுக்குப் பின்னால நடக்க நான் இருக்கேன். நீ பக்கத்துல நடந்தா கோவிச்சுக்க மாட்டாரு.

நீங்க ரெண்டு பேரும் ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு முனியப்பனை வேண்டிக்கறேன். திங்கக்கிழமை மெக்கானிக் வேண்டாம் சாமி, நீ வா.

இப்படிக்கு,
உன் அம்மா
தீர்த்தம்மாள்