கேட் மேட்டில் நின்ற வண்டி

அருப்புக்கோட்டை

அன்பு மகன் மாதவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் ரோஷினியும் அப்படியே இருக்கச் சொக்கநாதர் துணை. இந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டதால் நம் கடைக்கு மல்லி, வத்தல் வரத்து குறைவு. அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் புண் ஆறிவிட்டது, ஆனால் பிடிமானம் இல்லாமல் இன்னும் எழுந்திருக்க முடியவில்லை. போனில் சொன்னால் "உனக்கு இது புரியாதும்மா" என்று சிரித்து வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதும் படி.

உன் டர்போ வண்டிக்குப் பவர் ஏற்றியதிலிருந்து கிளட்ச் வழுக்குகிறது, இன்ஜின் இரைகிறதே தவிர இழுக்கவில்லை, உதயகுமார் போட்ட அதே ரேஸ் கிளட்சையும் எடை குறைந்த ஃப்ளைவீலையும் போடப்போகிறேன் என்றாய். அன்றிலிருந்து எனக்கு மனது ஒரு நிலையில் இல்லை. உதயன் உன்னிடம் அதன் பெருமையை மட்டும்தான் சொல்லியிருக்கிறான். என் அண்ணன் மகனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, எழுதச் சொன்னதே அவன்தான்.

போன மாதம் பட்டா விஷயமாக அப்பாவைத் திருச்சுழிக்கு அவன் வண்டியில் கூட்டிப்போனோம். வழியில் ரயில்வே கேட். முன்னால் வைக்கோல் லோடு ஒன்று நின்று நின்று ஏறியதால் இவனும் அந்த மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டியதாயிற்று. லோடு நகர்ந்ததும் கிளட்ச் பெடலை விட்டான், வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தான், மறுபடி அதே குதி. குதித்த குதியில் முன் சக்கரம் இரண்டும் தண்டவாளத்தில். கேட்காரர் சிவப்புக் கொடியோடு ஓடிவந்து, "ரயிலு வார நேரம், எடுங்கய்யா" என்று கத்துகிறார், இவன் பதற்றத்தில் பெடலை இன்னும் வெடுக்கென்று விடுகிறான். என் பக்கத்தில் அப்பா கதவைத் திறந்துவிட்டார்கள், காலைத் தூக்கி வெளியே வைக்க முடியவில்லை. என்னைப் பார்த்து, "தங்கம், நீ மொதல்ல எறங்கு, நான் பின்னாடியே வாரேன்" என்றார்கள். வர முடியாது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் இறங்கவில்லை, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்ற, வீரசோழன் போகிற பஸ்ஸிலிருந்து கண்டக்டரும் நாலைந்து பேரும் இறங்கி வந்து, "நியூட்ரல்ல போடுண்ணே" என்று சொல்லித் தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். ரயில் கடந்து போனது. அப்புறம் உதயன், "அத்த, வேகமாப் போறதுக்குப் பார்த்துப் பார்த்து வாங்குனேன், மெதுவா எடுக்கறதப் பத்தி யோசிக்கவே இல்ல, மாதவன்ட்ட சொல்லிராதீக" என்று அழுதுவிட்டான். நீயும் அதையே வாங்கப்போகிறாய் என்று தெரிந்ததும் அவனே வீட்டுக்கு வந்து, "சொல்லிருங்கத்த" என்றான்.

அந்தக் கிளட்ச் தட்டில் உலோகக் கட்டை வைத்திருக்கிறதாம், வழுக்காது, ஆனால் பிடித்தால் ஒரே பிடிதான். ஃப்ளைவீல் என்பது இன்ஜினோடு சுற்றுகிற கனச் சக்கரமாம், அதன் கனம் குறைந்தால் இன்ஜின் சட்டென்று ஏறும், அதே போலச் சட்டென்று அடங்கியும் போகும். பந்தயத்துக்குச் சரி, தினமும் நெரிசலில் நின்று நின்று போகிற வண்டிக்கு ஆகாது என்கிறான். இப்போது கம்பெனி எடையிலேயே ஃப்ளைவீல், உலோகக் கட்டை இல்லாத சாதாரண லைனிங் தட்டு, அதை அழுத்திப் பிடிக்க அழுத்தம் கொஞ்சம் கூடின பிரஷர் பிளேட் போட்டு, ஏற்றின பவரையும் சற்றுக் குறைத்திருக்கிறான். முன்பு அந்தப் பெடலை மிதிப்பது வத்தல் மூட்டையைக் காலால் தள்ளுவது போல இருக்கும், இப்போது அவ்வளவு கனமில்லை. போன வாரம் அதே கேட் மேட்டில், எப்போதாவது ஓட்டுகிற என்னையே ஓட்டச் சொன்னான். மேட்டில் நிறுத்தி எடுத்தேன், வண்டி குதிக்காமல் ஏறியது, வழுக்கவும் இல்லை.

உன் வண்டியை ஆபீசுக்கு எடுத்துப்போவது பாதி நாள் ரோஷினிதானே. அவளிடம் கேட்டேன். "பெடல் கனமா இருந்தாலும் பழகிரும்னு சொல்றாரு அத்தை" என்றாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் தோண்டிக் கேட்டேன். பழகிவிடும் ராசா, பழகுவதற்குள் என்ன நடக்கும் என்பதுதான் என் பயம். உன் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. உன் வண்டிக்கு உண்மையில் எவ்வளவு இழுவை இருக்கிறதோ அதைத் தாங்குகிற கிளட்ச் போதும், அதற்கு மேல் வீம்புக்கு வேண்டாம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல், போகிற வழியெல்லாம் நல்லபடியாகப் போய் வர வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு சேர்த்தி. மறந்துவிடாதே, எதை வாங்குவதாக இருந்தாலும் அது போட்ட வண்டி ஒன்றை ரோஷினி முதலில் மேட்டில் எடுத்துப் பார்க்கட்டும். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

உன் பதில் வரும்வரை வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா தங்கலட்சுமி