மழைக்கு வைத்த செட்டிங்

நேற்று உன் மனைவி என் கடைக்கு வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே அரிசி, அரிசிக்குள் உன் காது மிஷின்.

“இது ஓடுதான்னு பாருங்கண்ணா. ஓடுச்சின்னா யாருக்காச்சும் குடுத்துடுங்க. ஊட்ல சும்மாதான் கெடக்குது.”

பேட்டரி மாற்றி உள்ளங்கையில் மூடினேன். கீச்சென்று கத்தியது. உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் வேறொரு காதுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் உன் செட்டிங்கை அழிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பட்டன். அதை அழுத்த முடியாமல்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் நான் காது பரிசோதிக்கிற டிப்ளமோவுக்குப் போனேன், நீ பெருமுக்கல் பக்கம் கல்குவாரிக்குப் போனாய். பாறையைத் துளைக்கிற மிஷின் முதலில் உன் காதைத் தின்றது. கல்தூசி நெஞ்சைத் தின்றது. காதுக்கு என்னிடம் வழி இருந்தது. மிஷினை மாட்டி, பேச்சு கேட்கிறதா என்று பார்த்து, வேலை முடிந்தது என்று அனுப்பிவிட்டேன். கொஞ்ச நாளிலேயே திரும்பி வந்து நின்றாய்.

“பேச்சு கேக்குதா இல்லியா?”

“கேக்குது.”

“அப்புறம் இன்னாடா?”

“பேசாததெல்லாம் கேக்கலடா. கூர தகரச்சீட்டு மேல மழ பேஞ்சிக்கினு இருக்குது, எனுக்குத் தெரியல. அவ வந்து சொல்றா.”

பழுது ஒன்றுமில்லை. விடாமல் ஒரே சீராக வருகிற சத்தத்தை மிஷின் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். அப்போதுதான் பேச்சு தெளிவாக வரும். அதற்கு மின்விசிறியும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். இதையெல்லாம் விளக்கினேன். நீ அசையவில்லை. சரி, மழைக்குத் தனியாக ஒரு செட்டிங் வைக்கலாம் என்று போனில் மழைச் சத்தத்தைப் போட்டேன்.

“அப்பளம் பொரிக்கறாங்கடா” என்றாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அசல் மழைதான் வேண்டும். ஆடி முழுக்க உன் ஊர் ஏரிக்கரையில், லேப்டாப்போடும் ஒரு குடையோடும் உட்கார்ந்திருந்தோம். எனக்குக் காத்திருக்க வராது, உனக்குத் தெரியும். நான் வானத்தையும் மணியையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். “இன்னாடா, வானத்த ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கறியா?” என்பாய்.

மழை வருகிறவரை கிடைத்ததை வைத்து ஆரம்பித்தோம். காற்றில் பனையோலை உரசுவது. மதகில் தண்ணீர் கசிவது. நீ விரலைத் தூக்கினால் கேட்கிறது என்று அர்த்தம். தூக்காவிட்டால் மிஷின் அமுக்குவதை நான் ஒரு புள்ளி குறைப்பேன், மறுபடி காத்திருப்பேன். நான் வாயைத் திறந்தால் மிஷின் என் குரலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பேசாமல் இருந்தேன். மதகு கசிகிறது என்பதே அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. நல்ல காது இருந்தும் அத்தனை நாள் அது என் காதில் விழவில்லை.

ஆவணியில் ஒரு சாயங்காலம் நீ விரலைத் தூக்கினாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“வருது” என்றாய்.

லாரி என்று நினைத்தேன். பிறகுதான் அக்கரைப் பனைமரங்களில் அந்தச் சத்தம் ஏறியது. ஏரித் தண்ணீர் வெளுத்துக்கொண்டே நம் பக்கம் வந்தது.

“கழட்டுடா! நனைஞ்சா போச்சு!”

“இருடா.”

நான் குடையை லேப்டாப்புக்குப் பிடித்தேன். நீ காதுக்கு மேலே கையைக் குவித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய். முகமெல்லாம் நனைந்த பிறகுதான் கழற்றி இரண்டு கைக்குள்ளும் பொத்தினாய்.

ஊரெல்லாம் நனைந்த போனை அரிசியில் போடுகிறது. உன் மனைவி மிஷினைப் போட்டாள். மாவு அடைத்துக்கொள்ளும் என்று கத்தினேன். அது என்னைக் கேட்காமல் ஓடியது.

பிறகு மூச்சு முட்டி உன்னைச் சேர்த்த விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அந்தச் செட்டிங்கே உனக்கு வினையானது. ஆக்சிஜன் சீறுவது முழுசாகக் காதில் விழுந்தது. முகம் சுளித்தாய். மாற்றிவிடட்டுமா என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

“மாத்தாத. ஊட்டுக்குப் போனா வேணும்.”

நீ வீட்டுக்கு வரவில்லை.

இவ்வளவும் நேற்று எழுதி அப்படியே வைத்துவிட்டேன். இன்று காலை, பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்கிற அக்கா வந்தார். “எல்லாரும் வாயத்தான் அசைக்கறாங்க தம்பி. ஒரே பேஜாரா இருக்குது” என்றார். உன் மனைவி சொன்னதை நினைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன். எத்தனையோ சாயங்காலம் உட்கார்ந்து வைத்த செட்டிங். அழிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

பேச்சுக்கு வைத்து, காதில் மாட்டிவிட்டேன். என் குரல் கேட்டதும் சிரித்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

“அக்கா, இன்னும் முடியல. இன்னொரு செட்டிங் வெக்கணும். அப்புறமா ஒருநாள் வரணும் நீங்க.”

“அதுக்கு எம்மா நேரம் ஆவும்?”

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“தெரியலக்கா” என்றேன். “மழ வரணும்.”