உன் மாமா கட்டிய ஃப்ளெக்ஸ்

மர்பி டவுன்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ரூபினிக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் எல்லாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அந்தக் குளிர் ஊரில் நீயும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று எல்லம்மாவை வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் தொடுகிறேன். தினம் போனில் பேசுகிறவள் திடீரென்று காகிதத்தில் எழுதுகிறாளே என்று நீ பயந்துவிடாதே, பயப்படுகிற வேலையை உனக்கும் சேர்த்து நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டில் அடுப்படியில் முணுமுணுத்தால் வாசலில் கேட்கும் என்பது உனக்குத் தெரியாததா. உன் தங்கச்சி மகா காதில் விழாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் என் போன் என்னிடம் இருப்பதைவிட அவளிடம்தான் அதிகம் இருக்கிறது. உன் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பிரேசர் டவுன் ஆஷ்லி லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறாளாம், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ராகி மாவும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கிறது, ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே.

மகா ஒரு டிராமாவில் நடிக்கிறாள் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது நாம் நினைத்த மாதிரி டிராமா இல்லையடி. கிதார், டிரம்ஸ் எல்லாம் வைத்து, பேச்சைவிடப் பாட்டே அதிகம். ராக் மியூசிகல் என்று பெயராம். நிருபமா என்று ஒரு அம்மாள் மகா பத்தாவது முடித்துச் சேர்ந்த பியூ காலேஜில் வந்து பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறார், ஜெயநகர்ப் பக்கம் பழைய தமிழ்க் குடும்பம், தங்கமான பேச்சு. போன வாரம் ரிகர்சலுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார், வார லீவு நாளாக இருந்ததால் போனேன். கதை ஒரு ஊரில் நடக்கிறது. அந்த ஊரில் பெரியவர்கள் வைத்ததுதான் சட்டம், பிள்ளைகள் கேள்வி கேட்கக் கூடாது, பையனும் பெண்ணும் தெருவில் ஒரே பக்கம் நடக்கக் கூடாது, உடம்பைப் பற்றி வாய் திறந்தால் சூடு. பதினாறு வயசுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் இருட்டில் தடவித் தடவித் தெரிந்துகொள்கிறார்கள், அடி வாங்குகிறார்கள், ஒரு பையன் தாங்க முடியாமல் ஊரை விட்டே போய்விடுகிறான். மகாவுக்கு வயசுக்கு வந்த பெண் வேஷம். ஸ்பீக்கர் கட்டி, பந்தல் போட்டு, ஊரையே அழைத்து சடங்கு செய்கிறார்கள், மறுநாள் அவள் ஸ்கூல் பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அப்போது அவள் அந்தச் சடங்கு நாற்காலி மேலேயே ஏறி நின்று மைக்கைப் பிடித்துப் பாடுகிறாள், “ஊருக்கெல்லாம் சொன்னீங்க, எனக்கு மட்டும் சொல்லலையே” என்று. முடியைக் கழுத்துவரை வெட்டிக்கொண்டது இதற்காகத்தான், பேன் தொல்லை என்று உன்னிடம் நான் சொன்னது பொய்.

முதலில் அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து இடித்ததில் எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. பிறகு அவள் பாடப் பாட எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, எது அதிகம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. உன் சடங்கு ஞாபகம் வந்தது. நீ மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து என் முந்தானையை இழுத்து இழுத்து எதுக்கும்மா இதெல்லாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் போட்டோ எடுக்குறாங்க சிரி என்றேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்லுவார்கள், நான் மட்டும் என்ன புதுசாகச் சொல்லியிருக்கப் போகிறேன். அப்பாவிடம் வந்து சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டே, பாட்டு நல்லா இருக்குதா அத சொல்லு என்றார். நல்லா இருக்குது என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டியது.

இதற்குள் உன் நாகேஷ் மாமா நுழைந்தான். என் தம்பிதான், ஆனால் அவனுக்குப் பெருமை வந்தால் மூளை வேலை செய்யாது என்பது உனக்குத் தெரியும். தாய்மாமன் முறை என்று உனக்கும் மகாவுக்கும் சடங்குக்கு ஃப்ளெக்ஸ் கட்டினவன் அவன்தானே. அக்கா பெண் மேடை ஏறுகிறாள் என்று கேள்விப்பட்டதும் யாரையும் கேட்காமல் தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒன்று கட்டிவிட்டான். மேலே கன்னடம், கீழே தமிழ், நடுவில் கலைச்செல்வி மகா. ஒரு பக்கம் அவளுடைய சடங்கு போட்டோ, பட்டுப்பாவாடையும் நெற்றிச்சுட்டியும். இன்னொரு பக்கம் நிருபமா அம்மா நெட்டில் போட்டிருந்த படம், வெட்டின முடியும் கிழிந்த யூனிபார்மும், நாற்காலி மேல் நின்று வாயைத் திறந்து கத்துகிற மாதிரி. டிராமா பெயர், நாள், நேரம், வசந்தநகர் அரங்கத்துக்கு வழி, அனைவரும் வருக, இப்படிக்கு தாய்மாமன் நாகேஷ் நண்பர்கள் குழு. கண்ணுபடப்போகுது என்று மூலையில் ஒரு பூசணிக்காய்ப் படம் வேறு. அதைப் பார்த்து நானும் சிரித்தேன் ரூபினி, மகாவும் ஐயோ மாமா என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

பூசணிக்காய் ஒன்றும் காப்பாற்றவில்லை. பெயரைப் பார்த்த பையன்கள் நெட்டில் தேடி, அந்தப் பாட்டு வீடியோவில் ஒரு துண்டை எடுத்து, பச்சை பச்சையாக எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அது ஆட்டோ ஸ்டாண்டு குரூப்பில்தான் வந்தது. சவாரியை இறக்கிவிட்டு நேரே வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார். சனிக்கிழமை கோவிந்தப்பா வந்தார், கோயில் கமிட்டித் தலைவர், மகாவைத் தோளில் தூக்கிக் கரகம் காட்டினவர். கூட வந்த இரண்டு பேரை நான் நம் தெருவில் பார்த்ததே இல்லை. கோவிந்தப்பா சத்தமே போடவில்லை. நோடும்மா பாஞ்சாலி, நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு மரியாதி இருக்குது, சடங்கப் பத்தி இந்த மாதிரி கலீஜா மேடைல பாடுனா நம்ம பொண்ணுங்கள யாரு கட்டுவாங்க, நான் சொன்னா பசங்க கேக்குற காலம் இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை டிராமாவுக்கு அவங்க வருவாங்க, நான் பொறுப்பு இல்ல என்று காபியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கூட வந்தவர்கள் சுவரில் இருந்த உன் போட்டோவையும் மகா போட்டோவையும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

நேற்று விடியற்காலை அப்பா ஆட்டோ எடுக்கப் போனபோது ஃப்ளெக்ஸைப் பார்த்திருக்கிறார். சடங்கு போட்டோவை யாரும் தொடவில்லை. பாடுகிற போட்டோவில் வாய் இருந்த இடத்தை மட்டும் பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். கிழித்துப் போட்டிருந்தால் குடித்துவிட்டுச் செய்தான் என்று விடலாம். இது நின்று, நிதானமாக, அளவு பார்த்து வெட்டினது. அப்பா அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தார், நான் பரணில் பழைய பாய்க்குப் பின்னால் செருகிவிட்டேன். மகா கேட்டதற்கு, பாலிகே கார்ப்பரேஷன் ஆள்கள் வந்து ஃப்ளெக்ஸ் எல்லாவற்றையும் அவிழ்த்துப் போனார்கள் என்று சொல்லிவிட்டோம். நல்லதாப் போச்சு, அந்தப் பூசணிக்காயப் பாத்தாலே பேஜார் என்று சொல்லிவிட்டு ரிகர்சலுக்குப் போய்விட்டாள். என் போனில் இருந்த தெரு குரூப்பை நீக்கிவிட்டேன். அவள் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறாள், அதனால் ஒன்றும் தெரியாது. அவள் தெருவைத் தாண்டி வீட்டுக்குள் காலை வைக்கிறவரை நான் வாசலிலேயே நிற்கிறேன்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. பொம்மனஹள்ளி அத்தைக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மகாவை அங்கே கூட்டிப்போய்விடலாம் என்று அப்பாவும் நானும் பேசிவைத்திருக்கிறோம். அத்தையிடமும் சொல்லியாகிவிட்டது. போன பிறகு ஆட்டோ ரிப்பேர், ரோட்டில் ஜாம் என்று ஏதாவது சொல்லிப் பொழுதை ஓட்டிவிடலாம். ஆனால் நான் சொன்னால் மகா நம்ப மாட்டாள், டிராமா அன்றைக்கா என்று சண்டைக்கு வருவாள். நீ சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்து, அத்தை உன்ன பாக்கணும்னு அழுவுறாங்க, காலைல ஒரு எட்டு போயிட்டு வந்துடு என்று சொன்னால் மறுபேச்சு பேச மாட்டாள். உன் பேச்சை அவள் வேதமாக நினைக்கிறாள். பாட்டு போனால் போகட்டும், அந்த அம்மாள் வேறு பெண்ணை வைத்துக்கொள்வார், எனக்கு என் பெண் முழுசாக வேண்டும். அவளிடம் ஒரு வார்த்தைகூட மூச்சு விடாதே. இங்கே யாரும் விடவில்லை. பால் போடுகிறவருக்குத் தெரியும், இட்லிக் கடைக்காரிக்குத் தெரியும், ஸ்டாண்டில் அத்தனை டிரைவருக்கும் தெரியும், எதிர்வீட்டு ஞானசேகரன் தன் பெண்ணை நம் வாசல் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், அவருக்கும் தெரியும். தெருவுக்கெல்லாம் தெரியும், மகாவுக்கு மட்டும்

புதன்கிழமை காலை. நேற்று அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது ரூபினி. எழுதினதைத் திரும்பப் படித்தேன், அவள் பாட்டை நானே எழுதிவைத்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து அந்த ஃப்ளெக்ஸை இறக்கினேன். இருட்டின பிறகு மகா வந்து கை கால் கழுவினதும் தரையில் விரித்துக் காட்டினேன். கோவிந்தப்பா வந்தது, கூட வந்தவர்கள் நின்றது, குரூப்பில் வந்தது, அத்தைக்கு உடம்பு சரியில்லாமல் போகப் போவது எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வாசல் கதவைச் சாத்திவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவள் குனிந்து அந்த ஓட்டை வழியாக இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். எத்தன பேருக்கு தெரியும் என்று கேட்டாள். எல்லாருக்கும் என்றேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன், அவள் மெதுவாக, அப்ப எனக்கு மட்டும் ஏன்மா சொல்லல என்றாள். பாடிக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

பிறகு அவளே நிருபமா அம்மாவுக்குப் போன் போட்டாள். மற்ற பிள்ளைகளின் வீட்டுக்கும் இன்றைக்கே சொல்லிவிடுவதாகவும், போலீசில் எழுதிக் கொடுத்து வாசலில் ஆள் வைப்பதாகவும், பாடுவதும் விடுவதும் மகா இஷ்டம், விட்டால் யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள் என்றும் அவர் சொன்னார். மகா ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே, பாடுறேன்மா என்றாள். நான் திட்டினேன், சத்தியம் செய் என்றேன், அப்பாவைப் பிடித்து உலுக்கினேன். அவர், அவ முடிவு பண்ட்டா, இனிமே நாம எங்க நிக்கணும்னு பாக்கலாம் என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டுக்குப் போனார். அங்கிருந்து போன் செய்தார், ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு ஆட்டோ சவாரி விட்டுவிட்டு அரங்கத்து வாசலில் நிற்குமாம். நாகேஷ் வேறு ஃப்ளெக்ஸ் கட்டுகிறேன் என்று கிளம்பினான், கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்தேன்.

எனக்குப் பயம் போகவில்லை, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். இதை எழுதும்போதுகூட வாசலில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவளுக்கும் பயம்தான். தலை வாரிவிடும்போது சொன்னாள், மேடைல லைட்டு போட்டா முன்னாடி ஒண்ணும் தெரியாதும்மா, ஒரே இருட்டு, யாரு இருக்காங்கன்னே தெரியாது, நீ எந்தப் பக்கம் உக்காருவேன்னு மட்டும் சொல்லிடு, அந்தப் பக்கம் பாத்து பாடுறேன் என்று. இடது பக்கம், கதவை ஒட்டி என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே வருகிறவன் என்னைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மேலே உன்னைப் பொய் சொல்லச் சொல்லி எழுதினதைக் கிழிக்கவில்லை, நீயாவது எல்லாவற்றையும் முழுசாகத் தெரிந்துகொள் என்று அப்படியே அனுப்புகிறேன். சனிக்கிழமை கட்டாயம் போன் செய். அத்தை பேச்சு வேண்டாம். அவள் பயமாக இருக்கிறது என்று சொன்னால் பயப்படாதே என்று சொல்லாதே, எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல். ஈரத் தலையோடு டியூட்டிக்குப் போகாதே, வேளைக்குச் சாப்பிடு. எல்லம்மா உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல துணையும் கொடுக்கட்டும், உங்கள் இரண்டு பேர் குரலையும் என் காது அடைகிறவரை நான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

அன்றைக்கு நீ முந்தானையை இழுத்துக் கேட்டாயே, அதை இன்னொரு தடவை கேட்பதாக இருந்தால் கேள். இந்தத் தடவை சிரி என்று சொல்ல மாட்டேன்.

உன் அம்மா,
பாஞ்சாலி சுந்தரம்