சத்தம் என்று வெட்டியவை

மார்ச் 3, செவ்வாய்

அகராதியின் முதல் அச்சுப்படி வந்துவிட்டது. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். மூன்று வருடம் தையலக்காவின் முன்னறையில், அவருடைய தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதியவை. மீனுக்கு மட்டும் முப்பத்தொரு பெயர்! வியாழக்கிழமை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "என் வாயைப் பிடுங்கியே இவ்வளவு கனமாக்கிட்டீங்களா தம்பி?" என்பார், பார்.

அவருடைய தாய்மொழியைப் பேச இன்று அவர் ஒருவர்தான். கூடப் பிறந்த அக்காள் போன வருடம் போய்ச் சேர்ந்தார். மகளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. தாயும் மகளும் பேசுவதெல்லாம் ஊரெல்லாம் பேசும் ஊர்ப்பேச்சு.

மார்ச் 5, வியாழன்

தையலக்காவுக்குப் பக்கவாதம்.

மார்ச் 6, வெள்ளி

மகள் ஃபோன் செய்தாள். தபால் நிலையத்தில் வேலை. என்னைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "சார், உடனே வாங்க. அம்மா உங்க பாஷை பேசுறாங்க."

என் பாஷையாம்!

போனேன். அக்காவுக்கு ஊர்ப்பேச்சு மொத்தமாகப் போய்விட்டது. பேச வரவில்லை, பேசினால் புரியவும் இல்லை. மிஞ்சியது தாய்மொழி மட்டும். அபூர்வமாக இப்படி ஆவதுண்டு என்கிறார் டாக்டர். விழுங்க முடிகிறது, ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறார். கரண்டியை இடது கையால் தட்டிவிடுகிறார். வாசலையே பார்த்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றாங்க?"

"யாரோ இன்னும் வரலைன்னு..."

"யாரு?"

தெரியவில்லை. அந்த ஒரு சொல்லை நான் எழுதியதே இல்லை. "சரி, எங்கேயாவது வலிக்குதான்னு கேளுங்க" என்றார் டாக்டர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலி என்ற சொல் தெரியும். தலை தெரியும், கால் தெரியும். ஒரு மனுஷி இன்னொரு மனுஷியிடம் அதை எப்படிக் கேட்பாள்? தெரியாது! தலை, வலி, கால், வலி என்று ஒப்பித்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி வாசலைப் பார்த்தார்.

"நாலாயிரம் வார்த்தை எடுத்துட்டுப் போனீங்களே சார்" என்றாள் மகள். "எங்கம்மாவுக்கு ஒண்ணுகூட உதவாதா?"

ஏட்டுச் சுரைக்காய். சாட்சாத் நான்தான்.

திங்கள் காலை வரை பார்ப்பார்களாம். அதற்கு மேல் மூக்கு வழியாகக் குழாய். பிடுங்கிவிடுவார் என்பதால் கையைக் கட்டித்தான் போட வேண்டுமாம். அந்தக் கையையா கட்டுவது?

மார்ச் 7, சனி

காலையிலிருந்து பதிவுகளைக் கேட்கிறேன். அந்தச் சொல் இல்லை.

பிறகு ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம். பதிவின் நடுவில் தினமும் ஃபோன் அடிக்கும். அவருடைய அக்காள். இரண்டு பேரும் பத்து நிமிடம் அந்த மொழியில் பேசித் தீர்ப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பகுதியை வெட்டி அழிப்பேன். நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "சத்தம் — நீக்கப்பட்டது." ஒன்றல்ல, இருநூறு இடம்!

உலகத்தில் அந்த மொழி பேச மிச்சமிருந்த ரெண்டே பேர் பேசினது. அதைப் போய் சத்தம்னு எழுதியிருக்கேனே. என்னத்தைப் படிச்சுக் கிழிச்சேன் நான்?

மகளிடம் சொன்னேன். அறைவாள் என்றுதான் நினைத்தேன். "வெட்டாதது எங்க வீட்லதானே இருக்கு?" என்றாள்.

அக்காவோடு போட்ட ஒப்பந்தம்! அன்றன்றைய பதிவின் முழுப் பிரதி ஒன்று, சி.டி.யில், அவர்கள் வீட்டுக்கு. கூட்டாய்வு என்றால் அப்படி ஒரு வரி இருக்க வேண்டுமே என்று எழுதி, தினமும் கடனே என்று கொடுத்துவிட்டு வந்தது. பெட்டி பெட்டியாக ஆராய்ச்சி செய்த எனக்கு அது நினைவிலேயே இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

பொத்தான் டப்பாவுக்கு அடியில், ஒரு துணிப்பையில் எல்லாம் இருந்தன. தேதி வாரியாக அக்கா கட்டி வைத்திருக்கிறார்.

இருவரும் கேட்டோம். தையலக்கா ஃபோனில் விழுந்து விழுந்து சிரிக்கிறார், எதிர்க்கட்சியைத் திட்டுவதுபோல் யாரையோ திட்டுகிறார். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கம்மா இவ்ளோ பேசுவாங்களா சார்?"

அந்தச் சொல் வந்தது. மூன்றாவது அழைப்பில். ஐந்தாவதில். பிறகு எல்லாவற்றிலும். இன்னார் இன்னும் வரவில்லை என்கிறார். கொஞ்ச நேரத்தில் கதவுச் சத்தம். இன்னார் வந்துவிட்டாள் என்று சொல்லி ஃபோனை வைத்துவிடுகிறார். அடுத்த நொடி ஊர்ப்பேச்சில் ஒரு குரல்: "அம்மா, பசிக்குது."

மதியச் சாப்பாட்டுக்கு வருகிற மகளின் குரல்.

அவள் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். "முப்பத்திநாலு வருஷமா எனக்கு இப்படி ஒரு செல்லப்பேர் இருந்திருக்கு" என்றாள். "என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லையே சார். அவங்க அக்காகிட்ட மட்டும் சொல்லியிருக்காங்க."

மூன்று நாளாகக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைத்தான் அக்கா வாசலில் தேடுகிறார். அவருக்கு முகமும் சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது; பக்கத்தில் இருப்பது, புரியாத பேச்சில் அழுகிற யாரோ ஒருத்தி. மகள் வராமல் அவர் எப்படிச் சாப்பிடுவார்?

மார்ச் 9, திங்கள்

குழாயோடு நர்ஸ் வந்துவிட்டார். ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டேன். வராந்தாவில் வைத்து மகளுக்கு அந்த இரண்டு சொற்களைச் சொல்லிக்கொடுத்தேன். அவள் உதடு கோணக் கோண நாற்பது தடவை சொல்லிப் பார்த்தாள்.

கதவைத் திறந்துகொண்டு போனாள். தன் செல்லப்பேரைச் சொல்லி, வந்துவிட்டேன் என்றாள்.

அக்கா பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கடகடவென்று என்னவோ சொன்னார், இவ்வளவு நேரமா என்று இருக்கும். பிறகு வாயைத் திறந்தார்.

மகள் ஊட்டினாள். நர்ஸ் குழாயைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். இன்னும் நம்ப முடியவில்லை.

மார்ச் 21, சனி

அகராதியை இப்போது அச்சிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகள் ஒரு தாள் கொடுத்தாள்: "தூங்குனியா, முதுகு அரிக்குதா, பயமா இருக்கா, எம்மேல கோவமா." அந்த ஃபோன் பேச்சுகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருக்கிறோம்.

மே 18, திங்கள்

அக்கா வீட்டில். மாத்திரை போடமாட்டேன் என்று இன்று அடம். மகள் அதட்டினாள், அக்கா திருப்பி அதட்டினார், எல்லாம் அவர்கள் மொழியிலேயே. ஆரம்பம் எனக்குப் புரிந்தது. வேகம் கூடியதும் கோட்டைவிட்டேன். அக்கா என் பக்கம் ஒரு பார்வை பார்த்து ஏதோ சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்கு எதுக்கு சார்?" என்றாள் மகள்.