தறிக்கு மேல் நாலாம் கேமரா

ஐப்பசி 12, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. பார்சல் வந்துவிட்டது. பழைய வீடியோ சர்வர். டிபன் டப்பா அளவுதான். பின்னால் நாலு கேமராவுக்கு நாலு சொருகல், நெட் ஒயருக்கு ஒன்று. ஏதோ ஆபீசில் கழித்துக்கட்டியது. அடாப்டர் இல்லை. பழைய மோடத்தின் அடாப்டர் பொருந்தியது, நல்ல காலம்.

நம் கேமராக்கள் பழைய ரகம். இடி இடித்து ரெக்கார்டர் போனதிலிருந்து நாலும் சும்மா தொங்குகின்றன. இந்தப் பெட்டி வழியாகப் படம் லேப்டாப்புக்கு வருமாம்.

இவரிடம் சொன்ன காரணம்: வாசலில் செருப்பு காணாமல் போகிறது.

"இன்னாமோ பண்ணு வசந்தா. தறிகிட்ட வந்து ஒயர இழுத்துக்கினு நிக்காத."

"வாசலும் தோட்டமும் மட்டுந்தாங்க" என்றேன். பொய்.

எனக்கு வேண்டியது நாலாவது. தறிக்கு நேர் மேலே இருப்பது. அங்கேதான், இவர் பக்கத்தில், கூலிக்கு நெய்ய வரும் கோமதி உட்காருகிறாள். (இனி கோ. முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.)

ஐப்பசி 13, செவ்வாய்

மழை இல்லை, மூட்டம். மளிகை: உளுந்து, புளி, கொசுவத்தி.

பெட்டி பாஸ்வேர்ட் கேட்டது. குண்டூசியால் ரீசெட் பொத்தானை அமுக்கிக்கொண்டே கரண்ட் கொடுத்தேன். பழைய பாஸ்வேர்டை மறந்தது. பிறகு ஐ.பி. எண் தகராறு. பெட்டியின் எண் ஒரு வரிசை, நம் மோடம் வேறு வரிசை. லேப்டாப்பை அதன் வரிசைக்கு மாற்றின பிறகுதான் வாய் திறந்தது. புது பிரவுசரில் படம் வராது என்று அடம். மகளின் பழைய லேப்டாப்பில் பழைய எக்ஸ்ப்ளோரர் இருந்தது, தப்பித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஏனாத்தூர் பிரவுசிங் சென்டரில் வேலைக்கு உட்கார்ந்தவள் நான். இதெல்லாம் இவருக்கு எங்கே ஞாபகம்.

மத்தியானம் தறி அறையில் சிரிப்பு. இவர் சிரிப்புதான், மேலே கோ. சிரிப்பு. என்னோடு நெய்யும்போது சிரித்தாரா? இழை ஓட்டும் நாடாவை நான் தள்ளத் தாமதமானால் முறைப்பார். கல்யாணமானதிலிருந்து கோர்வைக்கு, அதாவது உடலையும் கரையையும் சேர்த்து நெய்ய, இவர் வலப்பக்கம் உட்கார்ந்தது நான். சேலையின் உடலை இவர் ஓட்ட, கரைக்கு நான் நாடா தள்ள. எனக்குத் தோள் பிடித்துக்கொண்டதும் அந்த இடம் அவளுக்கு. தோளோடு தோள் இடிக்கிற இடம்.

ஐப்பசி 14, புதன்

படம் வந்தது! கறுப்பு வெள்ளையில் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே. அரை நாள் ஒயரைக் குற்றம் சொன்னேன். கடைசியில் பார்த்தால் பெட்டி வெளிநாட்டு டி.வி. கணக்கில் இருக்கிறது. என்.டி.எஸ்.சி. என்றிருந்ததை நம் ஊர் பி.ஏ.எல். கணக்குக்கு மாற்றினேன், உருளல் நின்றது.

வாசல்: தெளிவு. தோட்டம்: சிலந்தி வலை. மாடி: செத்தது செத்ததுதான். தறி: தெளிவு. ரொம்பத் தெளிவு.

தெருவில் எல்லோருக்கும் அந்தக் கேமரா செத்தது என்றுதான் தெரியும். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். லேப்டாப்பை அரிசி டின் மேல் வைத்து, பார்த்துக்கொண்டே குழம்பு வைத்தேன். குழம்பில் உப்பில்லை. இவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் சந்தேகமாக இருக்கிறது.

ஐப்பசி 15, வியாழன்

மறுபடி மழை. சுவர் ஆணி தாங்காது என்று அந்தக் காலத்தில் கேமராவைத் தறிமரத்திலேயே திருகியிருந்தார்கள். அதனால் நெய்தால் படம் அதிரும். நிறுத்தினால் படமும் நிற்கும். பெட்டியில் அசைவு தெரிந்தால் எச்சரிக்கும் வசதி உண்டு. எனக்கு வேண்டியது தலைகீழ். அசையாமல் நின்றால்தானே பேச்சு?

இன்று அடிக்கடி நின்றது. மழைக்குப் பாவு நூலில் ஈரம் ஏறி இழை அறும், எனக்கும் தெரியும். ஆனாலும் இத்தனை தடவையா?

இன்னொன்று. நேற்றிலிருந்து சிரிப்புச் சத்தமே இல்லை. கோ. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இருக்கிறாள். என்ன நடிப்பு! வாயால் பேசினால் நான் கேட்பேன் என்று கண்ணால் பேசிக்கொள்கிறார்களோ. மேலிருந்து பார்த்தால் கண் தெரியாது. வகிடுதான் தெரிகிறது. நேர்வகிடு. அடர்த்தியான முடி வேறு.

ஐப்பசி 16, வெள்ளி

நெய்து முடிந்த சேலையைத் தறியிலிருந்து அறுத்தாயிற்று. கடை முதலாளி வந்து, தான் கொடுத்த பட்டு, ஜரிகை எடையோடு ஒப்பிட்டுச் சேலையை நிறுத்துப் பார்த்தார். எடை சரி. பிறகு கரை சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, "இன்னாபா, ஒரே கையில நெய்ஞ்சா மாதிரி இருக்குது" என்றார். இவருக்கு வாயெல்லாம் பல். கோ. தரையைப் பார்த்தாள்.

நானும் விரலை ஓட்டினேன். ஒரு மேடு பள்ளம் இல்லை. நான் நெய்ததில் இருக்கும்.

வயிறு எரிகிறது. வேறு வார்த்தை இல்லை. என் தோள் சரியாகி எத்தனையோ நாளாயிற்று. தண்ணீர்க் குடம் தூக்குகிறேன், மாவாட்டுகிறேன், கண்ணெதிரில்தான். "நீ வந்து உக்காரு" என்று ஒரு வார்த்தை வரவில்லை.

ஐப்பசி 17, சனி

படம் நின்றது. நின்றபடியே இருந்தது. இவர் அவள் பக்கம் சாய்ந்திருந்தார். இருவர் தலையும் ஒட்டியிருந்தன. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினேன், பாதி வழியெல்லாம் சிந்தியது.

அறுந்த இழை. இவர் முடிச்சுப் போட, அவள் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா, இப்பதான குடிச்சோம்?" என்றார் இவர்.

"சும்மாதான்" என்றேன். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம். அந்த நுனியைப் பிடித்துக் கொடுக்கிற வேலை என்னுடையது.

ஐப்பசி 18, ஞாயிறு

வெயில். தறிக்கு லீவு. இவர் கோயிலுக்குப் போனதும் ஓரிக்கையில் கோ. வீட்டுக்குப் போன் போட்டேன். நாளையிலிருந்து வரவேண்டாம், நானே உட்காரப் போகிறேன் என்று சொல்ல நினைத்தது. வாயில் வந்தது பாதிதான்: "கோமதி, நாளையிலேந்து நீ வரவேணாம்."

அந்தப் பக்கம் அழுகை.

"அக்கா, பட்டு எதுனா கொறையுதாக்கா? அதுக்குத்தான் கேமராவ போட்டு வச்சிருக்கீங்களா? இருட்டுனா அது செவப்பா புள்ளி புள்ளியா எரியுது. புதங்கெழமயே பாத்தேன். அண்ணங்கிட்ட பேசறதுக்கே பயமாப் போச்சு. புள்ளைங்க மேல சத்தியமா ஒரு இழை எடுக்கலக்கா."

கேமரா போட்ட வீட்டிலிருந்து, சேலை அறுத்த கையோடு ஆளை நிறுத்தினால் தெரு என்ன சொல்லும்? எடையில் குறைந்தது, பட்டைத் திருடிவிட்டாள் என்றுதான். அப்புறம் காஞ்சிபுரத்தில் எந்தத் தறியிலும் அவளை உட்கார வைக்க மாட்டார்கள். இது எனக்குத் தோன்றவே இல்லை.

"பட்டு சரியா இருக்குதுடி. முதலாளியே நிறுத்தாரே, நீ பாக்கல?"

"அப்ப ஏங்க்கா வரவேணாம்?"

சொல்லித்தான் ஆகவேண்டும்.

"அவரு பக்கத்துல நீ உக்காந்துக்கினு இருக்கறத பாத்தா எனக்கு வயிறு எரியுதுடி. அதான். அதுக்குத்தான் கேமரா."

அழுகை நின்றது.

"அண்ணன் பக்கத்துலயா?" என்றாள். "அய்யே! நம்ம அண்ணனா? போக்கா!"

சிரிக்க ஆரம்பித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். நாளைக்கு வா, ஆளுக்கு ஒரு நாள் உட்காரலாம் என்று சொல்கிறேன், காதில் வாங்காமல் சிரிக்கிறாள்.

போனை வைத்துவிட்டேன். அப்படிச் சிரிக்கிற அளவுக்கு என் புருஷனுக்கு என்ன குறைச்சல்?