வலையில் சிக்கிய கொம்பு

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆண் மான்கள் முட்டிக்கொண்டன. எங்கள் ஊரான வெஸ்ட் வின்ட்சரில் மான் அதிசயமில்லை. ஆனால் இது அவற்றுக்குப் பெண் தேடும் மாதம். கழுத்து தடித்து, யாரைக் கண்டாலும் முறைக்கின்றன.

சின்னது பின்வாங்கி, என் பையன் கார்த்திக்கின் கிரிக்கெட் பயிற்சி வலைக்குள் புகுந்துவிட்டது. கொம்பின் கிளைகளில் நைலான் சுற்றிக்கொண்டது. பெரியது அப்போதும் விடவில்லை, மாட்டிக்கொண்டதைப் போய் விலாவில் குத்தியது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. லுங்கியோடு ஓடி, குக்கர் மூடியைக் கரண்டியால் தட்டித் துரத்தினேன்.

போன் செய்ததும் டவுன்ஷிப் ஆபீசின் விலங்குப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து, நீளக் கழியில் கட்டிய கத்தியால் வலையை அறுத்துவிட்டார். பையனுடைய வலை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மான் நொண்டிக்கொண்டே மரங்களுக்குள் போயிற்று.

"உங்க பையன் இன்னும் இதுல விளையாடறானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எவ்ரி டே" என்றேன்.

கார்த்திக் வேலைக்காக டெக்சாஸ் போய் மூன்று வருடம் ஆகிறது.

மதியம் அவனே கூப்பிட்டான். "எவ்ரிதிங் ஓகே, அப்பா?"

"ஒண்ணுமில்லடா. மான் வந்துச்சு, போயிடுச்சு."

வலையைப் பற்றிச் சொல்லவில்லை. அதை ஏன் இன்னும் கழற்றவில்லை என்று போன தடவையே கேட்டான்.

அந்தப் பெண்ணிடம் சொன்னதும் முழுப் பொய்யில்லை. தினமும் சாயங்காலம் நான்தான் அதற்குள் ஆறு பந்து போடுகிறேன், மட்டை பிடிக்க ஆளில்லாமல்.

இன்றும் போட்டேன். தடுக்க வலை இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் வேலி வரை நடந்து போய் எடுத்து வந்தேன்.